இருபது புள்ளி ஒன்பது

தேர் வருகிறது என்று தளவாய் அவசரப்பட்டார்.
நாலு ரத வீதிக்கும் அடியில் ஓடுவது
பொங்கி மேலே வந்தால்
கான்ட்ராக்டர் சட்டையைப் பிடிப்பார்களாம்.
"பம்பிங் ஸ்டேஷன் கெணத்துல நாளன்னைக்கு எறங்கணும்க்கா,
இதுக்கு உசுரு குடுங்க."

மஞ்சள் பெட்டி. கைக்கு அடங்கும்.
ரப்பர் உறையில் ஆணியால் கீறிய ஒரு 'த'.

ஆறு திருகு. முதுகைக் கழற்றினால்
பணியாரக் குழிபோல நாலு வட்டம்.
ஹைட்ரஜன் சல்பைடு செல்லுக்கு
சிலிண்டரிலிருந்து இருபத்தைந்து கொடுத்தேன்.
பதினொன்று என்றது.
மூக்கும் இப்படித்தான்.
அழுகிய முட்டையை முதலில் கண்டுபிடிக்கும்,
பிறகு பழகிக்கொள்ளும்,
பழகியபின் செத்துப்போகும்
ஆளுக்குச் சற்று முன்னால்.

ஆக்சிஜன் செல் வேறு ரகம்.
உள்ளே ஒரு துண்டு ஈயம்.
பொட்டலம் பிரித்த நாளிலிருந்து
காற்றைத் தின்று தன்னைச் செலவழிக்கும்.
அலமாரியில் சும்மா கிடந்தாலும் செலவுதான்.
இரண்டு வருஷம் தாங்கும். இதற்கு இது மூன்றாவது ஆனி.

எடுத்து வீசுமுன் ஒருதரம் பார்ப்போமென்று
மூடி மாட்டி, மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன்.
பக்கத்துப் பட்டறையில் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள்,
எதிரே ஜெனரேட்டர்.
பேட்டையில் நல்ல காற்று வேண்டுமென்றால்
பதினேழு படி ஏறவேண்டும்.
செங்கோட்டைக் கணவாயில் நுழைந்து
ஆலங்குளம் தாண்டி ஓட்டமாய் வந்த காற்று
துப்பட்டாவைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் சுற்றியது.

திரையில் 23.4.

பொதிகை உச்சியில் 20.9.
குறுக்குத்துறைப் படித்துறையிலும் அதேதான்.
காற்றில் இல்லாத ஆக்சிஜனை
எங்கிருந்து எடுத்தது இது?
தேய்ந்த செல் குறைத்துத்தான் காட்டும்.
கூடாது.

படியில் உட்கார்ந்து
பில் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன்.
யாரோ இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கி
'இதுதான் சுத்தமான காற்று' என்று
சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்,
18.7 மட்டுமே இருந்த ஓரிடத்தில் வைத்து.
19.5-க்கு அலறவேண்டியது
அதன்பின் 17.4 வரை வாயைத் திறக்காது.

மெமரியில் தேதி இருந்தது: மே ஒன்பது, மதியம் 2.12.
இடம் அதற்குத் தெரியாது.

கீழே வந்து தேதியை மட்டும் சொன்னேன்.
தளவாய் டீ கிளாஸை
அது முன்பு விட்டிருந்த ஈர வட்டத்தின்மேல்
சரியாக வைத்தார்.

"நாந்தாங்கா அமுக்குனேன்.
கத்திக்கிட்டே கெடந்துச்சு. கத்துனா மேல ஏறணும்.
ஏறுனா பாதிச் சம்பளம்.
அடியில நின்னுதான் அமுக்குனேன்.
சொன்னதக் கேட்டு அமைதியாயிட்டு."

நான் இடுக்கியைத் தேடினேன்.
புதுச் செல்லின் கால்களைக் கட்டியிருந்த
குட்டி ஸ்பிரிங்கை உருவினேன்.
நாலும் குழியில் இறங்கின.
ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில் வாங்க என்றேன்.

காலையில் அவரும் படியேறினார்.
20.9. அசையவில்லை.
"ஊதுங்க."
நெஞ்சு நிறைய இழுத்து, பிடித்துவைத்து, ஊதினார்.
16.3.
அலறிய அலறலில் பட்டறைப் பையன்கள்
பிரஷ்ஷோடு நிமிர்ந்து பார்த்தார்கள்.
"எம்மூச்சுக்கேவா?" என்றார்.
வாயைத் துடைத்துக்கொண்டார்.

பில்லில் 'பழுதுக்கான காரணம்' என்றொரு கட்டம்.
பேனா அதன்மேல் கொஞ்சநேரம் நின்றது.
தேய்மானம், என்று எழுதினேன்.
மொத்தம் இருபத்திரண்டாயிரத்து நானூறு, ஜிஎஸ்டி தனி.
அந்த இரண்டு பொத்தானுக்கும்
கடவு எண் போட்டுப் பூட்டியதை
அவரிடம் சொல்லவில்லை.

அரைமணி கழித்து போன்.
ஈரடுக்குப் பாலத்தில் நெரிசலில் நிற்கிறாராம்.
"யக்கா, முன்னால நிக்க பஸ்ஸப் பாத்துக் கத்துதே,
ஊரே திரும்பிப் பாக்கு. இப்ப என்ன செய்ய?"

கத்தட்டும் அண்ணாச்சி.